கூரையிலே ஒரு கலகலப்பு

ஓடுகின்ற மோட்டார் வண்டியில் எழும் ஓசைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. யந்திரத்தின் உறுமலை நாம் பொருட்படுத்துவதில்லை. சக்கரங்களின் இரைச்சலும் அவ்வாறே. சில நிமிடங்களில் செவி அதற்குப் பழகிவிடுகிறது. ஆனால், தலைக்கு மேலே கூரையிலிருந்து 'கலகல' என்று ஒரு சிற்றொலி கேட்கத் தொடங்கிவிட்டாலோ, மனம் வேறெதிலும் செல்லாது. பேச்சு நின்றுவிடும், வானொலியை நிறுத்திவிடுவார்கள், வண்டியில் உள்ளவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஓசை சிறிதுதான். ஆனால், எது தளர்ந்தது, எப்பொழுது கழன்று விழும், எவ்வளவு செலவு வரும் என்னும் மூன்று கேள்விகள் அதன் பின்னே வரிசையாக வந்து நிற்கின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய தந்தையார் யப்பானிலிருந்து வந்த 'ரீகண்டிஷன்' கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார். அக்காரின் கூரையில், கண்ணாடியாலான, திறந்து மூடக்கூடிய 'சன்ரூப்' ஒன்று உண்டு. சில மாதங்களாக அது ஓயாமல் கலகலக்கிறதாம். வண்டி விழுந்துவிடுமோ என்று பிரயாணிகள் கேட்கிறார்களாம். ஒரு கராஜில், கண்ணாடியையும் சட்டத்தையும் முழுவதாகக் கழற்றிப் புதிதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகை, மாணவியின் அடுத்த வருடத் தனியார் வகுப்புக்கென்று தாயார் சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு ஏறக்குறையச் சமமாம். இன்னொரு கராஜில், இடைவெளி முழுவதையும் சிலிக்கன் பசையால் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார்களாம். "எதனை நம்புவது, ஐயா? இதில் நான் படிக்கும் பௌதிகம் ஏதேனும் உதவுமா?" என்று முடிகிறது கடிதம்.

உதவும். பரீட்சைக்கு மாத்திரம் என்று நினைத்துப் படிக்கும் பாடம் வீட்டுப் பணத்தைக் காக்கும் இடம் இதுவே. சன்ரூப் இல்லாத வண்டி உடையவர்களும் இதனைத் தொடர்ந்து வாசிக்கலாம். ஓசையின் காரணத்தைத் தேடும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

கூரை திறந்த கதை

மோட்டார் வண்டியின் கூரையைத் திறக்கும் ஆசை புதியதன்று. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பையர் என்பவர் 1901ஆம் ஆண்டில் ஒரு தொழிலகத்தை ஆரம்பித்தார். பின்னர் அது மியூனிக் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரொக்டோர்ப் என்னும் ஊருக்கு மாறியது. அவருடைய பெயரின் எழுத்துக்களையும் ஊரின் எழுத்துக்களையும் சேர்த்து உண்டான பெயரே 'வெபாஸ்ரோ'. 1930களில் மோட்டார் வண்டிகளுக்கு மடிப்புத் துணிக் கூரைகளைச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம் இன்றும் அத்துறையில் பெயர் பெற்று விளங்குகிறது. அமெரிக்காவில் நாஷ் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் தன் வண்டியில் சன்ரூப் ஒன்றை அமைத்தது. 1948இல் காட்சிக்கு வந்த பிரான்ஸ் நாட்டுச் சிற்றோயன் '2சிவி'யும், 1957இல் வெளிவந்த இத்தாலியின் சிறிய 'பியற் 500'உம் சுருட்டி வைக்கும் துணிக் கூரையுடனேயே வந்தன. ஆமையின் ஓட்டைப் போன்ற முதுகுடைய வொக்ஸ்வாகன் வண்டிக்கும் 1963ஆம் ஆண்டு வரையில் துணிச் சன்ரூப் கிடைத்தது. அதன் பின்னர், கைப்பிடியைச் சுழற்றித் திறக்கும் இரும்புத் தகட்டுக் கூரை வந்தது. இன்று தகட்டின் இடத்தைக் கண்ணாடியும், கைப்பிடியின் இடத்தை மின் மோட்டாரும் பிடித்துக்கொண்டன.

துணிக் கூரை கலகலப்பதில்லை, படபடக்கும். கண்ணாடிக் கூரைக்கே கலகலப்பு உரியது. ஏன் என்பதை அதன் அமைப்பைக் கொண்டு அறியலாம்.

கண்ணாடிக்குக் கீழே

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கண்ணாடித் துண்டுதான் தெரியும். உள்ளே இருப்பதோ ஒரு சிறிய இயந்திரம். கண்ணாடியைச் சுற்றி இறப்பர் விளிம்பு. அதன் இரு பக்கத்திலும் கண்ணாடி ஓடுவதற்கான தண்டவாளங்கள். தண்டவாளத்தில் வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் பாதங்கள். அவற்றை இழுக்கும் கம்பி வடங்கள். வடத்தை இயக்கும் மோட்டார். திறக்கும்போது முன்புறத்தில் எழுந்து நிற்கும் காற்றுத் தடுப்பி. கீழே வெயிலை மறைப்பதற்கு இழுத்து மூடும் மறைப்புப் பலகை. இவை எல்லாவற்றையும் தாங்குவது ஒரு சட்டம். அசைய வேண்டிய பொருள்கள் இத்தனை இருப்பதால், அசையக் கூடாத வேளையிலும் அவற்றுள் ஒன்று அசைந்துவிட இடமுண்டு.

மேலும், கூரையில் பெரிய துவாரம் ஒன்றை வெட்டினால் அதன் விறைப்புக் குறைகிறது. சுற்றிலும் பலமான சட்டம் வைத்து அதனை ஈடு செய்வார்கள். ஆயினும், ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வண்டியின் உடல் மூலைக்கு மூலை சிறிது முறுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த முறுக்கே, உலர்ந்த இறப்பரையும் தேய்ந்த பாதத்தையும் பேச வைக்கிறது.

வெப்பமும் இதில் ஒரு பங்காளி. ஒரு மீற்றர் நீளமுள்ள உருக்குச் சட்டம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.012 மில்லிமீற்றர் நீளும். கண்ணாடி 0.009 மில்லிமீற்றர் அளவில் நீளும். சாதாரண பிளாஸ்டிக்கோ 0.08 மில்லிமீற்றர் வரை நீளக்கூடும். கறுப்பு நிறக் கார் ஒன்றை நண்பகலில் நிழலின்றி நிறுத்தினால், 30 பாகையில் இருந்த கூரை 70 பாகையை எட்டுவதுண்டு. அந்த 40 பாகை ஏற்றத்தில் உருக்கு 0.48 மில்லிமீற்றர் நீள, அதே நீளமுள்ள பிளாஸ்டிக் 3.2 மில்லிமீற்றர் நீண்டுவிடும். வேறுபாடு 2.7 மில்லிமீற்றர்! காலையில் இறுக்கமாக இருந்த பொருத்து மாலையில் தளர்வதும், மாலையில் கலகலத்தது மறுநாட் காலையில் மௌனமாக இருப்பதும் இதனாலேயே. "கராஜுக்குக் கொண்டுபோனால் மட்டும் சத்தம் நின்றுவிடுகிறது" என்று பலர் குறைப்படுவர். வண்டி அங்கே கொட்டகை நிழலில் ஆறிவிடுகிறது, ஓசையும் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் கூற வேண்டும். பற்றரியாலும் பெற்றோலாலும் ஓடும் கலப்பு வண்டிகள் இன்று நம் வீதிகளில் நிறைந்துள்ளன. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அவற்றின் எஞ்சின் தானாகவே நின்றுவிடுகிறது. அப்பொழுது, முன்பு எஞ்சின் இரைச்சலில் மறைந்து கிடந்த சிற்றோசைகள் வெளிப்படுகின்றன. ஆகவே, நேற்றுக் கேட்டது நேற்றுத்தான் தோன்றியது என்று முடிவுசெய்தலாகாது.

ஓசைகள் நான்கு

எல்லாவற்றையும் 'சத்தம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதே குழப்பத்துக்குக் காரணம். கூரையில் எழுவன நான்கு வகை.

முதலாவது, கலகலப்பு. கரடான வீதியில் மட்டும் கேட்கும். இரண்டு கடினமான பொருள்களுக்கிடையே சிறு இடைவெளி உண்டாகி, அவை ஒன்றையொன்று தட்டுகின்றன என்பதே இதன் பொருள். தளர்ந்த திருகாணி, தேய்ந்த பாதம், மறைப்புப் பலகை, காற்றுத் தடுப்பியின் கை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். வண்டி ஒரு குறித்த வேகத்தை அடையும்போது மட்டும் கலகலப்பு உச்சத்துக்கு ஏறி, வேகம் மாறியதும் தணிந்தால், அங்கே பரிவு நிகழ்கிறது. அதாவது, வெளியிலிருந்து வரும் அதிர்வின் மீடிறன், தளர்ந்த பகுதியின் இயற்கை மீடிறனோடு ஒத்துவிடுகிறது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசையிலேயே அது உயர எழுவதைப் போன்றது அது.

இரண்டாவது, கிறீச்சிடுதல். இது தட்டுதலால் வருவதன்று; உராய்வால் வருவது. உலர்ந்த இறப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது; வண்டி முறுகும்போது ஒட்டு விடுபட்டு நழுவுகிறது; மீண்டும் ஒட்டுகிறது. ஒரு செக்கனில் இது பன்முறை நிகழ்ந்தால் கிறீச்சொலி பிறக்கும். வயலின் நரம்பில் வில் இசையை எழுப்புவதும் இவ்வாறே. கரும்பலகையில் சோக்குக் கட்டி பல்லைக் கூச வைப்பதும் இவ்வாறே.

மூன்றாவது, சீழ்க்கை. வீதி எவ்வாறிருப்பினும், வேகம் கூடினால் மட்டும் கேட்கும். கண்ணாடியின் உயரம் கூரையின் உயரத்தோடு ஒத்துவராமையோ, இறப்பரில் எங்கேனும் ஒரு வெடிப்போ இதற்குக் காரணம்.

நான்காவது, கூரை திறந்திருக்கும்போது காதை அடைக்கும் குமுறல். சோடாப் போத்தலின் வாயில் ஊதினால் ஒலி எழுகிறதல்லவா? ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821–1894) ஆராய்ந்த காற்றறைப் பரிவு அது. வண்டி முழுவதும் ஒரு போத்தலாகவும், கூரைத் துவாரம் அதன் வாயாகவும் ஆகிவிடுகின்றன. போத்தல் பெரிதாதலால் மீடிறன் மிகக் குறைவு. செக்கனுக்கு 20 அதிர்வுகள் அளவிலோ அதனிலும் கீழோ இருக்கும். காது அதனைக் கேட்பதைக் காட்டிலும் அழுத்தமாக உணர்கிறது. பின் யன்னல் ஒன்றை இரண்டு விரற்கடை திறந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இது பழுதன்று, இதற்காக ஒரு சதமேனும் செலவிட வேண்டியதில்லை. 2011இல் கொட்டாவையிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டதன் பின்னரும், 2013இல் கட்டுநாயக்கப் பாதை திறக்கப்பட்டதன் பின்னரும் நம்மவர்கள் இக்குமுறலை அடிக்கடி உணரும் வாய்ப்புப் பெற்றார்கள். காலி வீதியின் நெரிசலில் அதற்கு இடமேயில்லை.

கொட்டாஞ்சேனை மாணவி எழுதியதிலிருந்து, அவர்கள் வண்டியில் இருப்பது முதலாவது வகை என்றே தோன்றுகிறது. ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் குழி விழுந்த இடங்களிலும் மட்டுமே கேட்கிறதாம். அதிவேகப் பாதையில் கேட்பதில்லையாம். மிக நல்ல அவதானம். பாதி வைத்தியம் அந்த ஒரு வசனத்திலே இருக்கிறது.

காது ஏமாற்றும்

ஓசை கூரையிலிருந்து வருகிறது என்று நிச்சயமாகக் கூற முடியுமா? நம் இரு செவிகளும் தலையின் இரு பக்கங்களில் அமைந்தவை. இடப்புறத்து ஒலி இடச் செவியை முதலில் எட்டும். வலச் செவியை எட்ட, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரம் தாமதமாகும். அச்சிறு தாமதத்தைக் கொண்டு மூளை இடம் வலத்தைத் துல்லியமாக அறிகிறது. ஆனால், மேலே எழும் ஒலியும் கீழே எழும் ஒலியும் இரு செவிகளையும் ஒரே நேரத்தில் எட்டுவன. ஆகவே மேல் கீழ் அறிவதில் நாம் சற்றுப் பலவீனமானவர்கள். போதாக்குறைக்கு, தகடு வழியே ஓசை பரவிச் சென்று வேறோரிடத்தில் வெளிப்படும். தூணில் உள்ள ஆசனப் பட்டியின் கொளுவி தட்டும் ஓசை கூரையில் எழுவதுபோலக் கேட்பது சர்வ சாதாரணம். மூக்குக் கண்ணாடி வைக்கும் சிறு பெட்டி, உள்விளக்கின் மூடி, முன்கண்ணாடியில் தொங்கும் சுவாமி படத்தின் சங்கிலி ஆகியவையும் இவ்வாறு ஆள்மாறாட்டம் செய்வன.

இதற்கு ஒரு மலிவான உபகரணம் உண்டு. 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர் லெனெக், கடதாசியைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சிலே வைத்துக் கேட்டார். அதிலிருந்தே வைத்தியர்களின் இதயத்துடிப்புமானி பிறந்தது. பூந்தோட்டத்துக்கு நீர் ஊற்றும் இறப்பர்க் குழாயில் மூன்றடி துண்டு ஒன்றை எடுத்து, ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைச் சந்தேகமான இடத்திலும் பிடித்துப் பாருங்கள். ஓசையின் இருப்பிடம் வியக்கத்தக்க வகையில் தெளிவாகும்.

பரிசோதிக்கும் முறை

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே வைத்தியத்தில் இறங்கும்படி கூறுகிறது. கராஜிலே பெரும்பாலும் முதலிரண்டையும் விட்டு மூன்றாவதில் தொடங்குகிறார்கள். பாகத்தை மாற்றிப் பார்ப்பது, போகவில்லையென்றால் அடுத்த பாகத்தை மாற்றுவது என்பது பரிசோதனையன்று. அது பிறர் பணத்தில் ஆடும் சூதாட்டம்.

இருவர் வேண்டும். வண்டியை ஓட்டுபவர் வீதியை மட்டுமே பார்க்க வேண்டும், தேடுபவர் மற்றவர். முதலில் வண்டியிலுள்ள குடை, நாணயங்கள், போத்தல்கள், தொங்கும் பொருள்கள் யாவற்றையும் இறக்கிவிடுங்கள். ஓசை எழும் என்று அறிந்த ஒரே ஒழுங்கையில், ஒரே வேகத்தில் ஒவ்வொரு முறையும் செல்லுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஒரு கொப்பியில் நேரம், வெயிலா நிழலா, கூரையின் நிலை, ஓசை உண்டா இல்லையா என்று நான்கு நிரல்கள் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கூரை மூடியிருக்கையில், உட்புறமாக உள்ளங்கையால் கண்ணாடியை மெதுவாக மேல்நோக்கி அழுத்துங்கள். ஓசை நின்றால் குற்றம் கண்ணாடியிலோ அதன் இறப்பரிலோ உள்ளது. நிற்கவில்லையெனில் மறைப்புப் பலகையை அழுத்துங்கள். அடுத்து, அதனை முற்றாகப் பின்னே தள்ளிவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணாடியின் பின்புறத்தை மட்டும் உயர்த்தும் நிலையில் வைத்துச் செல்லுங்கள். அந்நிலையில் ஓசை மறைந்தால், கண்ணாடி தன் இருக்கையில் சரியாக அமரவில்லை. மறையாது கூடினால், தண்டவாளத்தின் பாதங்களைச் சந்தேகிக்கலாம். முழுதும் திறந்தபோது மட்டும் முன்னால் தட்டினால், அது காற்றுத் தடுப்பி.

இனி, வண்டி நிற்கும்போது செய்யும் பரிசோதனை. எழுதும் தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை இறப்பருக்கும் கூரைக்கும் இடையில் வைத்துக் கூரையை மூடுங்கள். மோட்டார் இயங்கும்போது விரலை அகற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாளை இழுத்துப் பாருங்கள். சுற்றிவர எட்டு இடங்களில் இவ்வாறு செய்தால், எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்பது கைக்கே தெரியும். சீழ்க்கையானால், இடைவெளி முழுவதையும் வெளிப்புறமாக ஒட்டுத்தாளால் தற்காலிகமாக மூடி ஒரு முறை ஓடுங்கள். ஓசை மறைந்தால், ஒவ்வொரு பக்கமாக உரித்துக்கொண்டு வந்து குற்றமுள்ள பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். நகருக்குள் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர் என்பதை மறந்து இச்சோதனையில் இறங்கிவிடாதீர்கள்.

பரிகாரம்: மலிவானது முதலில்

துடைத்தல் முதலாவது. வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கு அப்பால் உடனே கடல். அக்காற்றில் வரும் உப்பும், காலி வீதியின் புகையும் தூசியும் சேர்ந்து இறப்பரில் ஒரு படையாகப் படிகின்றன. கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகளின் தூசி. மென்மையான சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் இறப்பரின் மடிப்புக்கள் யாவற்றையும் துடைத்து நன்கு உலர விடுங்கள். பின்னர் சிலிக்கன் கிறீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். கிறீச்சிடுதலில் பெரும்பங்கு இத்துடன் முடிந்துவிடும். எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய், சாதாரணக் கிறீஸ் ஆகியவற்றை இறப்பரில் பூசலாகாது. இவ்விளிம்புகளுக்குப் பயன்படும் இறப்பர் வகை, பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகிக் கெட்டுவிடும். தேங்காயெண்ணெய் சில நாள் பளபளக்கும். பின்னர் பிசுக்காகித் தூசியை ஈர்க்கும்.

தண்டவாளம் இரண்டாவது. பழைய கிறீஸ் தூசியோடு கலந்து கறுத்த மண்ணாக இருக்கும். அதன் மேலேயே புதிய கிறீஸ் பூசுவது, காயத்தைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்கு ஒப்பானது. முழுவதையும் துடைத்தெடுத்த பின், வண்டிக்குரிய கைந்நூல் கூறும் கிறீஸைச் சிறிதளவே இடவேண்டும்.

இறுக்குதல் மூன்றாவது. கண்ணாடியைத் தாங்கும் திருகாணிகள் இரு பக்கத்து மூடிகளின் கீழே இருக்கும். பெரும்பாலும் நட்சத்திரத் தலையுடையவை. தளர்ந்திருந்தால் அளவோடு இறுக்கலாம். கண்ணாடியின் உயரத்தையும் அவற்றைக் கொண்டே சரிசெய்கிறார்கள். பொதுவான விதி யாதெனில், கண்ணாடியின் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ அதனிலும் ஒரு மில்லிமீற்றர் வரை தாழ்ந்தோ இருக்கலாம்; பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீற்றர் வரை உயர்ந்தோ இருக்கலாம். எதிரே வரும் காற்று எந்த விளிம்பிலும் மோதாது வழுக்கிச் செல்வதற்கே இந்த ஏற்பாடு. கைந்நூல் வேறு அளவு கூறினால் அதுவே பிரமாணம். தொடங்குமுன் பழைய நிலையைப் பென்சிலால் அடையாளமிடுங்கள். கண்ணாடியின் ஓரத்தில் கீறலோ வெடிப்போ தெரிந்தால் கைவைக்க வேண்டாம். வன்மையூட்டப்பட்ட அக்கண்ணாடி உடைந்தால் ஆயிரம் சிறு துண்டுகளாகச் சிதறும். 2012இல் அமெரிக்காவில் ஹியுண்டாய் நிறுவனம், கூரைக் கண்ணாடி உடையக்கூடும் என்ற காரணத்தால் தன் 'வெலோஸ்ரர்' வண்டிகளில் 13,000க்கும் மேற்பட்டவற்றைத் திருப்பியழைத்துப் பரிசோதித்தது. இது விளையாட்டான பொருளன்று.

மறைப்புப் பலகையோ விளக்கு மூடியோ தட்டினால், அவை தொடும் இடத்தில் மெல்லிய கம்பளித் துணி நாடா ஒட்டினால் போதும். இவை யாவும் முடிந்தும் ஓசை நிற்காவிட்டால், தேய்ந்த பிளாஸ்டிக் பாதத்தை மாற்றவேண்டும். அச்சிறு துண்டு தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தை இருக்கும்போது, முழுச் சட்டத்தையும் உடனே வாங்க ஓடுவானேன்? திருத்தத்தின்போது பற்றரியைக் கழற்றினால், மோட்டார் தன் மூடிய நிலையை மறந்துவிடக்கூடும். அதனைத் திரும்பப் பழக்கும் முறையும் கைந்நூலில் உண்டு.

நீர் செல்லும் வழி

கலகலப்பைத் தேடும்போது கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சன்ரூப் நீர் புகாதபடி அடைக்கப்பட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. இறப்பரைக் கடந்து சிறிது நீர் உள்ளே வரும் என்பதை எதிர்பார்த்தே அதனை அமைக்கிறார்கள். அந்நீரை ஏந்தக் கண்ணாடியைச் சுற்றி ஒரு பீலி உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களின் உள்ளே இறங்கி வண்டியின் கீழே நீரை விடுகின்றன. வீட்டுத் தாழ்வாரத்தின் பீலியும் குழாயும் போன்ற ஏற்பாடுதான்.

ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பிலே இக்குழாய்கள் அடைபட்டால் என்னவாகும்? நீர் உட்கூரைத் துணியில் ஊறும். விளக்கின் வயர்களில் இறங்கும். தரைவிரிப்பின் கீழே தேங்கித் துருவை உண்டாக்கும். மரநிழலில் வண்டியை நிறுத்துவோர் இலைச்சருகை அடிக்கடி அகற்றவேண்டும். கூரையைத் திறந்து, பீலியின் மூலையில் ஒரு கோப்பை நீரை மெதுவாக ஊற்றுங்கள்; சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அருகே நிலத்தில் நீர் சொட்டவேண்டும். சொட்டாவிட்டால், தடித்த தங்கூசியின் நுனியைச் சிறிது மழுக்கி, மெல்லச் செலுத்தி அடைப்பை நீக்கலாம். ஈர்க்கு வேண்டாம், உள்ளே முறிந்துவிடும். இரும்புக் கம்பி குழாயைத் துளைத்துவிடும். பலத்த காற்றழுத்தமோ குழாயைப் பொருத்திலிருந்து கழற்றிவிடும்.

இரண்டு ஆலோசனைகளும்

இப்பொழுது அந்த இரு கராஜ்களின் வார்த்தைகளையும் நிறுத்துப் பார்க்கலாம். சிலிக்கன் பசையால் ஒட்டிவிடுவது கண்ணாடியை அசையாமற் செய்யலாம். ஆனால் கீழேயுள்ள பாதமும், பலகையும், தடுப்பியும் தட்டுவதை அது நிறுத்தாது. பசையில் ஒரு மயிரிழை வெடிப்பு உண்டானாலும் நீர் இறங்கும். பீலியையும் குழாயையும் துப்புரவு செய்யும் வழியோ அடைபட்டிருக்கும். பின்னொரு நாள் திருத்த முனைந்தால் கண்ணாடி உடையும் அபாயமும் உண்டு. இயந்திரம் முற்றாகக் கெட்டு, பாகமும் கிடைக்காத மிகப் பழைய வண்டியில், கண்ணாடியை உட்புறமாக மூடிய நிலையில் இறுக்கி நிறுத்தி, நீர்க் குழாய்களைத் திறந்தே வைப்பது ஏற்கத்தக்கது. அது கடைசி வழி.

முழுச் சட்டத்தையும் மாற்றுவதும் சில வேளை அவசியமே: விபத்தில் சட்டம் வளைந்திருந்தால், தண்டவாளம் உடைந்திருந்தால், துரு அரித்திருந்தால். அவ்வாறாயின், உடைந்த இடத்தை விரலால் காட்டும்படி கராஜில் கேட்கலாம். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. காட்ட முடியாதவர் இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். ஆயினும் கராஜ்காரர் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று கூறுவது நியாயமன்று. "சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுச் செல்பவருக்கு, ஆறின கூரையின் கீழே நின்று அவர் என்ன செய்ய முடியும்? நான்கு நிரல் கொண்ட அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள். நல்ல தொழிலாளி அதனைக் கண்டு மகிழ்வார். அரை நாள் வேலை அவருக்கு மிச்சம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில், இருக்கும் வண்டியைப் பேணிக் காத்தவர்களே பிழைத்தார்கள். புதிய வண்டிகள் வரத் தொடங்கிய பின்னரும் அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேதான் நின்றது. வாடகைக்கு ஓடும் ஒரு பழைய கார் என்பது ஒரு வீட்டின் அடுப்பும், பிள்ளையின் புத்தகமும் ஆகும்.

ஆகவே, அந்த மாணவிக்குக் கூறுவது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வீதி நெரிசல் எழுமுன், தந்தையார் வண்டியை ஓட்ட நீங்கள் பக்கத்தில் அமருங்கள். முதல் நாள் உள்ளங்கையும் கொப்பியும் மட்டும் போதும், திருப்புளியைத் தொடவேண்டாம். இரண்டாம் நாள் துணியும் சவர்க்கார நீரும். மூன்றாம் நாளைக்கும் ஓசை எஞ்சியிருந்தால், நீங்கள் கண்டதைத் தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குச் செல்லுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை எமக்கும் எழுதுங்கள். இதே ஓசையோடு ஓடிக்கொண்டிருக்கும் வேறு பல வண்டிகளுக்கு அது பயன்படும். வகுப்புப் பணத்தை மட்டும், அந்தக் கொப்பியில் கடைசி நிரல் நிரம்பும் வரையில், அம்மாவின் பெட்டியிலேயே இருக்க விடுங்கள்.